வள்ளியை அழைத்துவரப் போனது

1927 மார்ச் 3, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. எங்கள் சிலிபின் ரோடு முழுக்கச் சேறு. துணி எதுவும் காயவில்லை.

நாளை தெலுக் ஆன்சன் துறைக்குப் பயணம், தங்கை வள்ளியை அழைத்துவர. ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அம்மா போன பிறகு தாய் வீடு என்றால் என் வீடுதான். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

எடுத்துக்கொள்ள: கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். மஞ்சள், குங்குமம். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு. தேங்காய்ச்சோறு வேண்டாம், கெட்டுவிடும். வேப்பிலை. குடை.

மாமியார் (இனி மா.) காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். "வீடு வாசல் இல்லாதவனுக்குப் பொண்ணக் குடுத்தா, சட்டி பானகூட தண்ணியிலதான்லா மெதக்கும்." எனக்கும் அதே நினைப்புதான். கல்யாணம் முடிந்து இரண்டு வருடம், அன்றிலிருந்து தொங்கானில் குடித்தனம். உப்பும் கருவாடும் ஏற்றுகிற படகில் ஒரு பெண் எப்படி இருப்பாள்? கேட்டால் "சுகமா இருக்கேன்" என்றே சொல்லி அனுப்புகிறாள். எல்லாரும் அப்படித்தானே சொல்லி அனுப்புவோம்.

என் வீட்டுக்காரருக்கு ரயிலில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது, அதனால் பாஸ் உண்டு. லீவு இல்லை. தனியாகத்தான் போக வேண்டும்.

மார்ச் 4, வெள்ளி

வெயில். தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயில் மாறினேன். சோற்றுத் தூக்கு வழி முழுக்க மடியில்.

துறையில் கோவிந்தன் (வள்ளியின் புருஷன், இனி கோ.) நின்றான். நாகப்பட்டினத்துக்காரன். அப்பன் தாத்தன் காலத்திலிருந்து படகுதான். "வாங்கக்கா" என்பதற்கு மேல் பேச்சு வராது. தொங்கான் கரையோடு கட்டியிருந்தது. ஏறுவதற்கு ஒரு பலகை.

நல்ல காரியத்துக்கு வந்தவள், வலது காலை எடுத்து வைத்துத்தான் ஏற வேண்டும் என்று பலகை முனையில் நின்று காலை மாற்றினேன். அந்த நேரம் பார்த்து ஒரு நீராவிக் கப்பல் போனது. அலையில் படகு விலகிவிட்டது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, இன்று அது நான்தான். கோ. கையைப் பிடித்து இழுத்துப் போட்டான். புதுச்செருப்பு ஒன்று ஆற்றோடு போயிற்று. சோறு தப்பியது.

வள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "எந்தக் காலா இருந்தா என்னக்கா? பக்கத்துல எந்தக் கால் இருக்கோ அத வைக்கணும்லா!"

கருத்திருக்கிறாள். கன்னம் வைத்திருக்கிறது. அதே பலகையில், அந்த வயிற்றோடு, தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். திட்டினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பின்பக்கம் கீற்றுக் கூரை போட்ட அறை. அதுதான் வீடு. குனிந்துதான் போக வேண்டும். ஆனால் சுத்தம். பலகையெல்லாம் தேய்த்துக் கழுவி வெளுத்திருக்கிறது. முருகன் படம், விளக்கு, அரிசி டின், பாய் எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் டின்னில் கறிவேப்பிலைச் செடி. என் வீட்டில் கத்தியைத் தேடினால் அரை நாள். இவள் கையை நீட்டினால் கத்தி.

மார்ச் 5, சனி

நேற்றுச் சாயங்காலமே படகை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் நங்கூரம் போட்டுவிட்டார்கள். துறை கப்பலுக்கு வேண்டுமாம்.

பெரிய கூத்து. படுக்கும்போது கரையைப் பார்த்து, திசையைக் கணக்குப் போட்டு, தெற்கே தலை வைத்துத்தான் படுத்தேன். வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே என்று அம்மா அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தது. காலையில் விழித்தால் வெயில் தப்பான பக்கத்திலிருந்து வருகிறது. தலை நேர் வடக்கே!

பாயைச் சுருட்டித் திருப்பிப் போட்டேன். மத்தியானம் கண் அயர்ந்து எழுந்தால் மறுபடி வடக்கு. கடல் ஏறினால் ஆறு மேலே ஓடுகிறது, இறங்கினால் கீழே. படகும் கூடவே திரும்புகிறது.

வள்ளி: "நானும் மொதல்ல உன்ன மாதிரிதான்க்கா, பாயத் தூக்கிக்கிட்டு சுத்தி சுத்தி வந்தேன். அப்புறம் விட்டுட்டேன். எமனே வந்தாலும் எந்தப் பக்கம் தலன்னு கொழம்பிப் போயிருவான்லா."

கொசு உண்டு. தண்ணீர் வற்றும்போது சேற்று நாற்றம். கருவாட்டு வாடை சேலையில் ஏறிவிட்டது. இதையும் எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் சொர்க்கம் என்று நானே நம்பிவிடுவேன்.

மார்ச் 6, ஞாயிறு

காலை மப்பு. பிறகு நல்ல காற்று.

பக்கத்துத் தொங்கானில் ஒரு சீனக் குடும்பம். அந்த அம்மா பெயர் ஆ மோய். பிள்ளைகள் எல்லாம் படகில் பிறந்தவை. நடக்கத் தொடங்கியவனுக்கு மட்டும் இடுப்பில் கயிறு. கோழிக் கூண்டு பின்னால் தொங்குகிறது. முட்டை கொண்டுவந்து கொடுத்தாள், வள்ளி புளிச்சோறு கொடுத்தாள். கரையில் வீடு கட்ட ஆசை இல்லையா என்று மலாயில் கேட்டேன். இந்த மனுஷிக்கு என்ன வந்தது என்பது போலப் பார்த்தாள். நெஞ்சில் கையை வைத்து "சினி செனாங் ஹாத்தி லா" என்றாள். இங்கே மனசு லேசாக இருக்கிறதாம். சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

போன மார்கழி வெள்ளத்தைப் பற்றி வள்ளி சொன்னாள். "ஊரு சனமெல்லாம் கூரை மேல ஏறி உக்காந்துக்கிட்டு கத்துதுங்க. எங்க வீடு மட்டும் தண்ணியோட ஏறிச்சு, தண்ணியோட எறங்கிச்சு. இவரும் ஆ மோய் புருசனும் போய் எத்தன பேர ஏத்திக்கிட்டு வந்தாங்க தெரியுமா? இந்தப் பலகையிலதான் எல்லாரும் கஞ்சி குடிச்சாங்க." எங்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை, கழுதை.

தனியாக இருக்கும்போது கேட்டேன்: "உண்மையச் சொல்லு. அவன் கட்டாயத்துக்கா இங்க கெடக்குற?"

"அக்கா, நாம பொறந்த தோட்டத்து லயத்த நெனச்சுப் பாரு. ஒரு ரூம்பு. அதுவும் தொரையோடது. விடியக்காலம் பேர் கூப்புடுற பெரட்டுக்கு மணி அடிச்சா அம்மா அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடும். இங்க எவன் மணி அடிக்கிறான்? தண்ணி ஏறுனா வேல, எறங்குனா சோறு. இவரு பாய இழுத்தா நான் சுக்கானப் புடிப்பேன். ராவைக்கு ரெண்டு பேரும் பேசிக்கிட்டே கெடப்போம்."

என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றாள்.

நானும் அவரும் சும்மா பேசி எத்தனை காலம்? பொறாமையாக இருந்தது. கூடப் பிறந்தவள் மேலேயே. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மார்ச் 7, திங்கள்

சண்டை. ஊருக்குப் புறப்படு என்றேன். வரமாட்டேன் என்றாள். பிள்ளை இங்கேதான் பிறக்குமாம். துறைக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, மருத்துவச்சி இருக்கிறாள், ஆ மோய் இருக்கிறாளாம்.

"நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?" என்றேன். "எனக்குன்னு ஒண்ணு பொறக்கல. உன் பிள்ளையையாவது என் வீட்டுல வச்சுப் பாக்கக்கூடாதா?" சொல்ல நினைத்து வரவில்லை, வாயில் வந்துவிட்டது. அழுதுவிட்டேன்.

வள்ளி முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். "சரிக்கா, வாரேன். உனக்காக."

கோ. கழுவின பலகையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

மார்ச் 9, புதன்

சிலிபின். நேற்று வந்து சேர்ந்தோம். இன்று வளைகாப்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பாட்டு, பலகாரம், வெற்றிலை. வள்ளியின் கையில் வளையல் கொள்ளவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மா.: "பாத்தியா, கூரைக்குக் கீழ இருந்தாத்தான் பொண்ணுக்கு லட்சணம்."

வள்ளி சரியாகச் சாப்பிடவில்லை. பயண அலுப்பாக இருக்கும்.

மார்ச் 11, வெள்ளி

அலுப்பு இல்லை. மூன்றாவது நாளாகத் தூக்கமே இல்லை. "தரை ஆடவே மாட்டேங்குதுக்கா. செத்த மாதிரி கெடக்கு." நடந்தால் தலை சுற்றுகிறதாம். சோறு உள்ளே போகவில்லை. கால் வீங்கியிருக்கிறது.

காலையில் சாப்பிட்ட தட்டைப் பழக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே கழுவி ஊற்றிவிட்டாள். கீழே அடுத்த வீட்டு அப்புசாமி அண்ணே, ஆபீசுக்குப் போகிறவர், வெள்ளைச் சட்டை. ரசம். நானும் வள்ளியும் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்து நாளாயிற்று. மா. அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது.

மத்தியானம் ஒரு யோசனை. உத்தரத்தில் பழைய சேலையால் தூளி கட்டி, வயிற்றுப் பிள்ளையோடு வள்ளியை அதில் உட்காரவைத்து மெதுவாக ஆட்டினேன். உடனே தூங்கிவிட்டாள். நிறுத்தினால் விழிக்கிறாள். ஆட்டிக்கொண்டே கறி நறுக்கினேன்.

மார்ச் 13, ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசரைக் கூட்டிவந்து காட்டினோம். வியாதி ஒன்றும் இல்லை, தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், இப்படியே போனால் பிரசவத்துக்குப் பெலன் இருக்காது என்றார். அவர் போன பிறகு வள்ளி சொன்னாள்: "நான் இங்கயே இருக்கேன்க்கா. நீ அழாத." நான் அழவே இல்லை. அவள் சொன்ன பிறகுதான் வந்தது.

ஆசையாக அழைத்து வந்தேன். யார் ஆசை? என் ஆசை. அவள் அங்கே குறையில்லாமல் இருந்தாள், கண்ணால் பார்த்தேன், பார்த்த பிறகும் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 14, திங்கள்

சொல்லிவிட்டேன், எல்லாரும் இருக்கும்போது. நாளைக் காலை ரயிலில் வள்ளியைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறேன் என்று.

மா. குதித்தார். "தலைப்பிரசவம் தாய் வீட்டுல இல்லாம? ஊரு சிரிக்கும்லா!"

"தாய் வீடு எதுங்க அத்தை? இந்தச் சுவரா? அம்மா இடத்துல நான்தான் இருக்கேன். நான் எங்க இருக்கேனோ அதான் அவளுக்குத் தாய் வீடு. அதனால நானும் போறேன்."

மா. மகனைத் திரும்பிப் பார்த்தார். அவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளைக்கு?"

"பிள்ள பொறந்து, அவ எழுந்து நடமாடுற வரைக்கும்."

"சோறு?"

"அரிசி டின்னுல இருக்கு."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். "பாஸ் எழுதி வாங்கியாறேன்" என்று எழுந்து போனார். நல்ல மனுஷன்தான். நாங்கள்தான் பேசிக்கொள்வதில்லை.

மார்ச் 16, புதன்

தொங்கான். இளவெயில், தண்ணீர் ஏறுகிறது.

நேற்றுத் துறையில் கோ. எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தவன், பாதி வழியில் நின்று தலையைக் குனிந்துகொண்டான். கண் கலங்கியதை மறைக்கப் பார்த்தான். வள்ளி பலகையில் ஏறி, நேரே உள்ளே போய், படுத்துவிட்டாள். இன்று காலைதான் எழுந்தாள். பழைய சோறு, ஆ மோய் கொடுத்த முட்டை. போட்டது போதாமல் இன்னும் கேட்டாள். முகம் திரும்பிவிட்டது.

எனக்கு வேலையே கொடுக்கவில்லை. முழு நாளும் யாரும் கூப்பிடவில்லை. கூரை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, கரை ஒரு பக்கம் வருவதையும் மறுபக்கம் போவதையும் பார்த்தேன். கை சும்மா இருந்தது. முதலில் என்னமோ போல் இருந்தது, அப்புறம் இல்லை.

கோ. வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "எப்ப வேணும்னாலும் பொறந்துரும்னு மருத்துவச்சி சொல்லுது. நீங்க சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்க்கா."

"அதுக்கென்ன தம்பி" என்றேன். அவன் எழுந்து போன பிறகு வள்ளியின் வயிற்றைப் பார்த்து, யார் காதிலும் விழாமல் சொன்னேன்: அவசரமே இல்லடா கண்ணு, நல்லா மெதுவா வா.