அக்கரையில் முதலாம் வகுப்பு

செப். 9, திங்கள்

விடிந்ததும் கச்சான் காற்று. கொடியில் போட்ட சேலை வேலிக்கு அங்கால். இடது முழங்கால் நோவு, எண்ணெய் போட்டும் குறைவில்லை.

இன்று செய்ய:
கண்ணாடிக் கால் ஒட்டக் கொடுக்க.
முருங்கைக் கொப்பு வெட்ட ஆள் சொல்ல.
படகுப்பாதையில் அக்கரை போய்ப் பார்க்க. நாளை கூட்டம்.

மூன்றாவதை மட்டும் செய்தேன்.

ஆறு மாதம் கழித்து வாசித்தால் எனக்கே விளங்க வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். எங்கள் பள்ளி ஊர்ச் சபை நடத்துவது. ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரைதான். வருகிற ஜனவரியில் முதலாம், இரண்டாம் வகுப்புத் தொடங்க அனுமதி கிடைத்திருக்கிறது. எங்கே என்பதில்தான் இரண்டு மாதமாக இழுபறி. இக்கரையில் இருக்கிற கட்டடத்துக்குப் பக்கத்திலா, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலா? அங்கே இருந்த சின்னப் பள்ளி ஆசிரியர் இல்லாமல் மூடி நாலு வருஷம். அங்கத்தைய சின்னதுகள் வண்டி ஏற்றுகிற மிதவைப் படகில், நாங்கள் சொல்கிற பாதையில், இக்கரையில் வேறு பள்ளிக்கு வந்து போகிறார்கள். சபையில் ஒன்பது பேர். பெண் நான் ஒருத்தி.

மு.ப. 6.30க்குப் போய், ஏழு மணிப் பாதையில் பிள்ளைகளோடு திரும்பினேன். ஒரு டிராக்டர், ஐந்து மோட்டார் சைக்கிள், தயிர்ச் சட்டிகள். இவற்றுக்கு இடையில் சின்னதுகள். எண்ணினேன், இருபத்தொன்று. நடு வாவியில் மோட்டார் நின்றுவிட்டது. காற்றுக்குப் பாதை மெல்லச் சுற்றியது. கால் மணி நேரம். ஒரு சின்னப் பெண் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. வாய் திறந்தால் காற்று உள்ளே போய்விடுமாம். தாய் வசந்திதான் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"கொண்டு வந்து விட்டுட்டுத் திரும்பிப் போவியா புள்ள?"

"எங்க ரீச்சர் போற? போய் அடுப்ப மூட்டக்குள்ள மறுகா கூப்பிட வரோணும். துறையடியிலதான் குந்தி இரிக்கிற. பதினொண்டரை மட்டும்."

"மழை நாளில?"

"மழைக்குப் பள்ளிக்கே விடுறல்ல."

கார்த்திகை, மார்கழி, தை. அப்படியென்றால் வருஷத்தில் கால்வாசி.

பகல் பலாக்கொட்டைக் கறி. உப்புக் கூட.

செப். 10, செவ்வாய்

கூட்டம் நாலிலிருந்து ஏழு வரை. பிஸ்கட் நமுத்திருந்தது. காற்றாடி ஓடவில்லை.

தலைவர் நல்லரெத்தினம் இக்கரைக் கட்சி. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் சொல்வார். தண்ணீர் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, ஆசிரியர்கள் வரச் சம்மதம். நாலும் உண்மை. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தைவிடக் கழிப்பறை முக்கியம் என்று நானே எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

என் முறை வந்தது. "ரெண்டு ரீச்சர்மார் பாதையில போய் வாறதா, இருபத்தொரு குஞ்சு பாதையில வந்து போறதா? உதாரணத்துக்கு, ரெண்டு பேர் நனைஞ்சா ரெண்டு குடை வாங்கலாம். இருபத்தொண்டு நனைஞ்சா வகுப்பையே மூடோணும்."

"ரீச்சர் இன்னும் சோக்கட்டியக் கீழ வெக்கல்ல" என்று யாரோ. சிரிப்பு. நானும் சிரித்தேன்.

"எல்லாம் சரி, அங்கால காணி எங்க?" என்று தலைவர் கேட்டார். அப்போது தம்பிப்பிள்ளை எழும்பினார். படுவான்கரை விவசாயி. மூன்று வருஷமாகச் சபையில் இருக்கிறார், வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"என்ட காணி இரிக்கி. துறைக்குக் கிட்ட, மேட்டுக்காணி. தாறன்."

கை தட்டினோம். முதலில் தட்டியது நான். கை தூக்கிப் பார்த்ததில் அக்கரைக்கு ஐந்து, இக்கரைக்கு நாலு. வெள்ளி பன்னிரண்டு மணிக்குள் வலயக் கல்விக் கந்தோருக்குக் கடிதம் போக வேண்டும். எழுதுவது செயலாளர் ஜெயந்தன். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், அன்றும் அழிறப்பர் கடன் கேட்பான், இன்றும் என் பேனையைத்தான் வாங்கி எழுதுகிறான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். வானொலியைக் குறைத்தார்.

"தம்பிப்பிள்ளைக்கு ஏது காணி?"

"பொறாமை."

"எனக்கு ஏது வீடு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். முழங்கால் நோவு. காணியைப் பற்றி நான் மேலே விசாரிக்கவில்லை.

செப். 11, புதன்

காற்று. கண்ணாடி இன்னும் ஒட்டவில்லை, நூல் கட்டியிருக்கிறேன்.

பத்து மணிக்கு மனோன்மணி வந்தாள், தம்பிப்பிள்ளையின் மனைவி. பாதையேறி, வெயிலில் நடந்து. கையில் குடை, ஆனால் விரிக்கவில்லை. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"நீங்களும் கை தட்டினயளாம் ரீச்சர்."

"ஓம்."

"ஆர்ர காணிக்கு?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"அது எனக்கு எங்கட அம்மா சீதனமாத் தந்தது. நான் என்ட மகள் சுகிக்கு வெச்சிரிக்கன். அதில ஒரு தென்னங்கண்டு நடுறதெண்டாலும் இந்த மனிசன் என்னைக் கேக்கோணும். கூட்டத்தில எழும்பி 'என்ட காணி'யாம். வீட்ட வந்து பெருமையாச் சொல்றார், எல்லாரும் கை தட்டினாங்களாம். முதல்ல ஆரெண்டு கேட்டன். ரீச்சர்தானாம்!"

தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள். செம்பைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இந்த வீடு என் அம்மா எனக்குத் தந்தது. அம்மாவுக்கு அவவின் அம்மா. இவர் களுவாஞ்சிகுடியிலிருந்து வந்து முப்பத்தெட்டு வருஷம். இன்றும் மழை பெய்தால் "உன்ட கூரை ஒழுகுது" என்பார். என் இரண்டு தம்பிமாரும் அவரவர் மனைவி வீட்டில். இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளை ஒருவர் "என்ட காணி" என்றால், எந்தப் பெண்ணுடையது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஒன்பது பேரில் அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான். எனக்கு அக்கரை வேண்டும், அதனால் கேட்கவில்லை.

கணக்கில் முதல் வரியைப் பிழையாகப் பார்த்து எழுதிவிட்டு, மிச்சத்தையெல்லாம் சரியாகச் செய்கிற பிள்ளைகள் உண்டு. கூட்டல் சரி, கழித்தல் சரி, கையெழுத்தும் வடிவு. விடை பிழை. அந்தப் பிள்ளைகளுக்குப் பிழையைக் காட்டுவதுதான் பெரிய பாடு.

பின்னேரம் ஜெயந்தனுக்குப் போன் பண்ணினேன். அவனும் அக்கரைக்குக் கை தூக்கியவன்.

"ரீச்சர், இதை ஒருத்தரிட்டயும் கதைக்க வேணாம். கடிதம் போகட்டும். மறுகா அவங்க புருஷன் பெண்சாதி பேசித் தீர்ப்பாங்க."

"தீராட்டி?"

"கொட்டில் போட்டுப் புள்ளையளையும் இருத்தினா மனோன்மணி அக்கா எழுப்புவாவா?"

எழுப்பமாட்டாள். அதுதான் தொல்லை. பிள்ளைகளைக் காட்டி ஒருத்தியின் வாயை அடைப்பது. சுலபம். நாளைக்குத் தலைவரிடம் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். இன்று முழுக்கச் சொல்லவில்லை.

செப். 12, வியாழன்

சொன்னேன். தலைவர் வீட்டில், காலை ஒன்பது மணி. பழிவாங்கும் குரலில் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிப் பேசவில்லை. "எனக்கும் கேக்கத் தோணல்ல ரீச்சர்" என்று மட்டும். அதுவே கூடக் கஷ்டமாயிருந்தது.

சபையைக் கூட்டினார். தம்பிப்பிள்ளை வரவில்லை. அரை மணி நேரம். காணி இல்லாமல் அக்கரை இல்லை. இக்கரைக்கு ஆறு, அக்கரைக்கு இரண்டு. ஜெயந்தன் புதுக் கடிதம் எழுதினான். என் பேனையைக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் துறையடி. வசந்தி எழும்பி வந்தாள்.

"முடிவு வந்திட்டா ரீச்சர்?"

"இன்னும் இல்ல புள்ள."

நாற்பது வருஷம் பொய் சொல்லாதே என்று படிப்பித்த வாய்.

கண்ணாடிக் கடை பூட்டு. முருங்கைக்கு ஆள் வந்தான், கொப்பு மாறி வெட்டிவிட்டான்.

நாலு மணிக்கு மனோன்மணியின் போன்.

"காணி வேணாம் எண்டு முடிவெடுத்தாச்சாமே?"

"நீதானே தரமாட்டன் எண்டு சொன்னாய்."

"நான் எப்ப ரீச்சர் அப்படிச் சொன்னன்? என்னைக் கேக்கல்ல எண்டுதான் சொன்னன். முந்தநாள் அவரும் கேக்கல்ல. நேத்து உங்கட வீட்டுக்கே வந்து முன்னால நிண்டன். நீங்களும் கேக்கல்ல. இண்டைக்கு எல்லாரும் சேந்து கூட்டம் போட்டயள். அங்கயும் ஒருத்தரும் கேக்கல்ல."

வைத்துவிட்டாள்.

கதிரையிலேயே இருந்தேன். இவர் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிசன். எனக்கு அறுபத்தேழு வயது. ஒரே பிழையை இரண்டு தரம் விட்டால் வகுப்பில் என்ன செய்வேன்? திருப்பி எழுதச் சொல்வேன்.

செப். 13, வெள்ளி

காற்று இல்லை. வாவி தட்டுப்போல. முதல் பாதை.

மனோன்மணி வீட்டுக் குசினியில் தாயும் மகளும். சுகிக்கு இருபத்திரண்டு வயது, தையல் வேலை செய்கிறாள். இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டேன். "துறையடிக் காணியில முதலாம், ரெண்டாம் வகுப்பு நடத்த இடம் தருவீங்களா?" அவ்வளவுதான். உதாரணம் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

தாய் மகளைப் பார்த்தாள். மகள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"ரோட்டுப் பக்கம் எனக்கு வேணும். கடை போடுவன். வாவிப் பக்கம் பள்ளிக்கு எடுங்க."

"காணி உறுதிப் பத்திரம் என்ட பேரில கிடக்கட்டும்" என்றாள் மனோன்மணி. "பத்து வருஷத்துக்கு எழுதித் தாறன். அங்கால பாப்பம்."

முற்றத்திலிருந்து தம்பிப்பிள்ளை, மண்வெட்டியோடு: "நானும் அதத்தானே சொன்னன்."

"நீங்க எங்க சொன்ன? நீங்க குடுத்த!"

சுகி சிரிப்பை அடக்க மெஷினைத் திரும்ப ஓட்டினாள்.

ஜெயந்தனுக்குப் போன்: கடிதத்தைக் கொண்டு போகாதே, நில். பெருமூச்சுக் கேட்டது. மனோன்மணி சேலை மாற்றிக்கொண்டு என்னோடு பாதையேறினாள். இக்கரை வந்ததும் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள், முழங்காலைக் கவனித்திருக்கிறாள்.

பத்து மணி, தலைவர் வீட்டு விறாந்தை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், பக்கத்தில் இருந்த மனோன்மணியை விட்டுவிட்டு என்னிடம்:

"இவட புருஷன் என்ன சொல்றார்?"

"அவர் வீட்ட இரிக்கார்" என்றாள் மனோன்மணி. "காணி இஞ்ச வந்திரிக்கி."

உள்ளே தலைவரின் மனைவி சத்தம் போட்டுச் சிரித்தா. தலைவருக்குக் காது சிவந்தது.

ஒவ்வொருவராகப் போன். நாள் முழுக்க இதே வேலையா என்று இரண்டு பேர் ஏச்சு. அக்கரைக்கு ஐந்து, இக்கரைக்கு நாலு. ஜெயந்தன் மூன்றாம் தரம் எழுதினான், பேனை கேட்டான். காணி உரித்தாளர் மனோன்மணி என்று தெளிவாக எழுதச் சொன்னேன். 11.40க்கு மோட்டார் சைக்கிளில் போனான். 11.55க்குப் போன் பண்ணினான், முத்திரை குத்திவிட்டார்களாம்.

முடிந்தது என்று எழும்பினேன். முடியவில்லை. கொட்டிலுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தொடங்கினார் தலைவர். வாவிப் பக்கம் வைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து, ரோட்டுப் பக்கம்தான் வழி வேண்டும். சரியான பேச்சு. ஆனால் ரோட்டுப் பக்கம் சுகியின் பங்கு.

"அப்ப ஒரு நடைபாதை மட்டும் விடுவீங்களா?" இம்முறை மனோன்மணியின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்னைக் கேட்டு என்ன? அவள்ட பக்கம். அவளைக் கேளுங்க."

தலைவர் செருப்பைத் தேடிக்கொண்டே, அடுத்த பாதை எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.