கோழிக்குக் கலக்கும் மருந்து

பல்லடம்
14.8.1996

அன்புள்ள நூர்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அத்தாவுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் பண்ணையில் ஒரு கோழி என் வலக்கையைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். இங்கே எல்லோரும் செய்வதுபோல, நோய் வராமலிருக்கத் தீவனத்தில் கலக்கும் மருந்துப் பவுடரைத் தூவிக் கட்டினேன். ஆறவில்லை. அந்தப் பவுடரை இரண்டு மடங்கு கலந்தும் இம்முறை கோழிகளே சாகின்றன.

பின் கொட்டகைக்கு மட்டும் முதலாளி ஆறுச்சாமி பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கலக்கச் சொன்னார். அங்கே சாவு குறைவு. "இனி எங்க ஊட்டுக்கு அந்தக் கோழிதானுங்க" என்கிறார்.

நேற்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே, எங்கே வேலை என்று கேட்டார். பண்ணை என்றதும் எழுதியதை அடித்துவிட்டார். "தீவனத்துல இதே மருந்துதானுங்களே போடறாங்க? உங்களுக்குக் கேக்காதுங்க. இந்த மாசம் நீங்க மூணாவது ஆளு. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார்.

பயப்பட ஒன்றுமில்லை. நான் சொல்லச் சொல்ல, கூட வேலை செய்யும் அக்பர் எழுதுகிறான், எழுத்து மாறியிருக்கிறதே என்று கலங்காதே. கோயமுத்தூர் பஸ் வந்துவிட்டது. ஊரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால், அத்தாவின் அகலக்கை ஜிப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பு. என் சட்டை எதிலும் கை நுழையவில்லை.

காஜா மொய்தீன்