ஐம்பது என்று நான் சொன்னது

மார்ச் 4

என் கண்ணுப் பேரனுக்குப் பாட்டி எழுதுவது.

இங்கே என் முட்டியைத் தவிர எல்லாரும் சுகம். உன் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தேன். கடலுக்குள் முப்பது மீட்டர் வரை முங்கலாம் என்று அட்டை கொடுத்துவிட்டார்களாம். சந்தோஷம். ஆனால் நாற்பது வரை அட்டை உண்டாமே, நாற்பதுக்கு முப்பது என்றால் முக்கால்தானே? உன் அப்பன் கணக்கில் அப்படி வாங்கிவந்தபோது மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்தேன்.

என் தங்கச்சி பேரன், அந்த நெட்டையன், நாற்பது வாங்கிவிட்டானாம். கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில், "உன் பேரன் இன்னும் முப்பதுலதான் நிக்கறானாக்கா?" என்று கேட்டாள். என் புதுக்குடையை இரவல் வாங்கிப்போய்க் கம்பி ஒடித்துக் கொடுத்தவள். இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கு நான் தலைகுனிய வேண்டுமா? சீக்கிரம் ஒரு கோர்ஸில் சேர்.

உன் பாட்டி

மார்ச் 19

அன்புள்ள பாட்டிக்கு,

இது பரீட்சை மார்க் இல்லை பாட்டி. ஆழத்துக்கு முங்க இங்கே இரண்டு இடத்தில் கோர்ஸ் இருக்கிறது. பக்கத்துத் தெருக் கடையில் ஒரே நாளில் அட்டை. நான் சிலிண்டரில் காற்று நிரப்பும் எங்கள் கடையில், முதலாளியம்மாவே சொல்லித்தருவார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார். ஒவ்வொரு தரமும் மேலே வந்ததும் கணக்குக் கேட்பார்: எவ்வளவு காற்று மிச்சம், எத்தனை நிமிஷம் இருந்தாய், ஏறும்போது எங்கே நின்றாய். நான் இதில்தான் சேர்ந்திருக்கிறேன். மே கடைசியில் முடியும். முடித்ததும் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வேலை எனக்கு.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எங்களைப் போல ஆசைக்கு முங்குகிறவர்களுக்கு நாற்பதுதான் எல்லை. அதற்குக் கீழே சிலிண்டர் காற்றே குடித்தவன் மாதிரி ஆக்கிவிடும். அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டும். "நாற்பத்தொண்ணுன்னு எவனாவது பெருமை பேசினா, அவனுக்கு என் கடையில வேலை இல்லை" என்பார் முதலாளியம்மா.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் பேரன்

ஏப்ரல் 2

கண்ணு,

மே என்கிறாயே! நான் தங்கச்சியிடம் நீ ஐம்பதே போய்விட்டாய் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பொய் என்று நினைக்காதே, கொஞ்சம் முன்னாடியே சொன்னது, அவ்வளவுதான். கடலுக்குள் யார் வந்து டேப் பிடித்து அளக்கப் போகிறார்கள்? நெட்டையன் உனக்குப் போன் செய்தால் என்னை விட்டுக்கொடுக்காதே.

உன் பாட்டி

ஏப்ரல் 30

பாட்டிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். நெட்டையன் போன் செய்தான். "ஐம்பதாமேடா! பாட்டி சொன்னாங்க. எங்கே, உன் கம்ப்யூட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்றான். ஆழத்தைப் பதிவு செய்யும் கைக்கடிகாரம் அது. இல்லை என்றால் நீங்கள் பொய்க்காரி ஆவீர்கள். அவர்கள் வீட்டில் உங்களை வைத்துச் சிரிப்பார்கள்.

முதலாளியம்மாவிடம் லீவு சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருக் கடைக்குப் போனேன். "எவ்வளவு வேணும்?" என்று மட்டும்தான் கேட்டார்கள். ஐம்பது என்றேன். கீழே எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. கடிகாரத்தைப் பார்க்கிறேன், எண் தெரிகிறது, அர்த்தம் தெரியவில்லை. காற்று தீரப்போகிறது என்று கூட வந்தவர் காட்டிய பிறகுதான் பயம் வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஏறிவிட்டேன். சாயங்காலத்துக்குள் இடது கால் மரத்துப்போனது. அழுத்தம் ஏற்றும் இரும்பு அறைக்குள் நாலு தடவை படுக்கவைத்தார்கள். நடக்கிறேன், ஆனால் கால் இழுக்கிறது. இனிமேல் கடலுக்குள் இறங்கவே கூடாது என்கிறார் டாக்டர். முதலாளியம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை. என்னிடம் இருந்த கடைச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இறங்கியது நான்தான். உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை. இனி எழுதாதீர்கள்.

ஜூலை 11

என் ராஜாவுக்கு,

உனக்குப் போட்ட இரண்டு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. வீடு மாறிவிட்டாயாம். விலாசம் என் தங்கச்சி வீட்டுக்குத் தெரியுமாம், எனக்குத் தெரியாதாம். அதனால் அவள் வீட்டுப் படி ஏறினேன். நெட்டையனை உட்காரவைத்து, அவள் மருமகள் எதிரே, எல்லார் எதிரேயும் சொன்னேன். "ஐம்பதுன்னது நான் கட்டின கதை. அவன் ஒழுங்கா நாற்பதோட நிக்கறேன்னுதான் எழுதினான். நான்தான் கேக்கலை." நெட்டையன் எழுந்து உள்ளே போய்விட்டான். போட்டோ கேட்டது அவனையும் தின்கிறது போல. தங்கச்சி குத்திக்காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ எனக்குப் பயந்து இறங்கவில்லை, என் மானத்துக்காக இறங்கினாய். அந்த மானத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். யாரையும் நான் மன்னித்துப் பழகியதில்லை. நீ என் ரத்தம், எனக்குத் தெரியும். காலை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்.

இதைத் தங்கச்சி வீட்டு மேஜையில்தான் எழுதுகிறேன். விலாசத்தை என் கண்ணில் காட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறாயாம். உறைமேல் அவள் எழுதித்தருகிறாள். நான் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

பாட்டி