நீ விழுந்த பக்கம்

அன்புள்ள ஒலகேர்,

பழக்கத்தில் ‘பூரானே’ என்று தொடங்கப் போனேன். கையை மடக்கிக்கொண்டேன்.

பாறைமேல் பைக் ஏற்றும் இந்த ட்ரயல் விளையாட்டே வேண்டாமென்று நீ என் அண்ணனிடம் விற்ற வண்டியில் இப்போது நான்தான் பழகுகிறேன். சிரிக்காதே. சரி, சிரி, இது உன் முறை. இருக்கையே இல்லாத வண்டியில் நின்றபடி, காலைத் தரையில் வைக்காமல் பாறை ஏறுவதெல்லாம் சுலபம் என்று பாறைமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னவள் நான். நீ கால் ஊன்றும்போதெல்லாம் “பூரானுக்கு இன்னொரு காலு!” என்று கத்தி, கிளப்பையே சிரிக்க வைத்தவளும் நான்.

நேற்று வறண்ட ஆற்றில் அந்தச் சாய்ந்த பாறைக்கு வந்தேன். உன் தங்கை நூரியா மேலே உட்கார்ந்து தக்காளி தேய்த்த ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, எங்க அண்ணனுக்காவது நூறு காலு இருந்துச்சு. உனக்கு ஒண்ணுகூட இல்லையா, இந்த ஆட்டம் ஆடுறே?”

பதில் கொடுக்க அவளைப் பார்த்தேன். வண்டி நேரே அவளிடமே போனது. அவள் ரொட்டியோடு குதித்து ஓட, நான் மல்லாந்து விழுந்தேன்.

கண் போகும் பக்கம்தான் வண்டியும் போகும் என்பது அப்போதுதான் புரிந்தது.

நீ விழுந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தேன், ஒலகேர். எல்லாமே நான் உட்கார்ந்திருந்த பக்கம்.

முகம் எரிகிறது. இதற்கு எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை.

வண்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டு. நீ பார்க்க முடியாதபடி உன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன், வாய் நிறைய ரொட்டியோடு.

இப்படிக்கு,
இரண்டே காலை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவள்