சேலையால் அளந்து எடுத்த படம்

காஜா பெராங், மலாக்கா
17-11-1957

அன்பு மகள் மல்லிகாவுக்கு அப்பா பொன்னுதுரை எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்தைப் பார்த்துத் திகைக்காதே அம்மா, இதைப் பக்கத்துக் கடை நாகூர் மீரான் எழுதவில்லை, நானேதான் எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்பில் சேர்ந்து படித்தேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது.

அம்மாவுக்கு டைபாய்டு குணமாகிவிட்டது என்று எழுதியதை நீ நம்பவில்லை. அம்மா எழுந்து நிற்கிற படம் வராவிட்டால் நர்ஸ் படிப்பை விட்டுவிட்டுக் கப்பல் ஏறுவேன், மேட்ரனிடமும் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் படத்துக்கு நிற்கவும் மாட்டேன் என்றாள். உனக்குச் சொல்லாதது இது ஒன்றுதான், காய்ச்சலில் முடியெல்லாம் கொத்துக்கொத்தாக உதிர்ந்து மிச்சத்தையும் வழிக்க வேண்டியதாகிவிட்டது. இப்போதுதான் கொஞ்சம் முளைத்திருக்கிறது. நீங்கள் கல்லு மாதிரி இருக்கும்போது நான் தாலியறுத்தவள் போலப் படத்தில் நிற்பதா என்று ஒரே சண்டை. ஸ்டூடியோ என்று வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

நான் தோட்ட வேலை பார்த்த பங்களாத் துரை ஊர் திரும்பும்போது ஒரு பழைய மடக்குக் கேமரா கொடுத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்தால் கறுப்புத் துருத்தி முன்னால் வரும், மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஆள் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்று நாமே கணக்குப் பண்ணி முன்னால் உள்ள வளையத்தைத் திருப்பிவைக்க வேண்டும், அதில்தான் வம்பு. சுதந்திரம் வந்த அன்றைக்கு மெர்டேக்கா ஊர்வலத்தைக் கண்மதிப்பில் எடுத்தேன், பக்கத்தில் வந்தவர்களெல்லாம் சாம்பிராணிப் புகை மாதிரி விழுந்திருந்தார்கள். அண்ணே, இதில் ஆள் யார் பேய் யார் என்று மீரான் கேட்டான்.

கடைசியில் மீரான் பெண்சாதி ஹலீமாதான் தன் செலெண்டாங் சால்வையைக் கொண்டுவந்து அம்மாவுக்கு முக்காடு போட்டுவிட்டு, அக்கா இப்போது நில்லுங்கள், ஒரு முடி தெரியாது என்றாள். அம்மாவும் சரி என்று கொல்லைப்பக்கம் வெயிலில் வந்து நின்றாள். தூரம் தப்பக் கூடாதே என்று கொடியில் காய்ந்த அம்மாவின் சேலையை எடுத்தேன். ஆறு கஜம், இரண்டாக மடித்தால் ஒன்பது அடி, வளையத்தையும் ஒன்பதில் திருப்பிவைத்தேன். இரண்டு தலைப்பையும் என் இடுப்பில் கட்டிக்கொண்டு மடிப்பை அம்மா கையில் கொடுத்து, இழுத்துப் பிடி என்றேன். சேலை விறைத்ததும் அவள் கையை விட்டுவிட வேண்டும், நான் அமுக்க வேண்டும். மூன்று படம் அப்படியே எடுத்தாயிற்று. நான்காவதற்கு அவள் கையை விடாமல் ஒரு சுண்டு சுண்டினாள், நான் கேமராவோடு தடுமாறினேன். இத்தனை வருடம் கழித்து இன்றைக்குத்தான் மனுஷன் என் கயிற்றில் நிற்கிறார் பார் என்று ஹலீமாவிடம் சொல்லி ஒரு சிரிப்பு சிரித்தாள், முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. காலை ஊன்றிச் சேலையை விறைப்பாக்கி அமுக்கிவிட்டேன்.

படம் கழுவி வந்தது. முக்காடு போட்ட மூன்றிலும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அதே முகம். நான்காவதில் மொட்டைத் தலையும் திறந்த வாயுமாக உன் அம்மா. அதைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், நெருப்பில்தான் போடுவாள் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து வந்து, அந்த மூன்றைப் பார்த்தால் இன்றைக்கே கப்பல் ஏறிவிடுவாள், இதையே அனுப்புங்கள், ஆனால் அறையில் மாட்டக் கூடாது என்று கண்டிப்பாக எழுதுங்கள் என்றாள்.

அதனால் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு பார். பார்த்தவுடன் மேட்ரனிடம் போய், நான் போகவில்லை, படிப்பை முடிப்பேன் என்று சொல்லிவிட்டு வேறு எதுவும் எழுதாவிட்டாலும் அந்த ஒரு வரியை எழுதிப்போடு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் துணியோடு வெளியே போகாதே. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு உண்டு. மறந்துவிடாதே தாயே, அம்மா தபால்காரர் மணிச் சத்தம் கேட்டால் வெறுந்தலையோடு தெருவுக்கு ஓடுகிறாள்.

இப்படிக்கு
உன் அப்பா
சு. பொன்னுதுரை