ஆண்டகை போகாத அடக்கம்

பாஷையூர்,
யாழ்ப்பாணம்.
21.03.1993

அன்புள்ள லியோன் அவர்களுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. முதலில் ‘சுவாமி’ என்றுதான் எழுதினேன். பிறகு வெட்டிவிட்டு வேறு தாள் எடுத்தேன். நீங்கள் குருத்துவத்தை விட்டு ஆறு வருடமாகியும் என் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

நீங்கள் ஜெர்மனியில் இருந்து எழுதிய நாலு வரியும் கொழும்பு வந்து, கிளாலிக் கடல் தாண்டி, ஒருவர் கையில் நேற்றுத்தான் கிடைத்தது. நேற்று என் அண்ணைக்கு, உங்கள் ஆண்டகைக்கு, முப்பத்தோராம் நாள் பூசை. கோயிலால் வந்து முகம் கழுவாமலே வாசித்தேன். ‘ஆண்டகை காலமான செய்தி அறிந்தேன். அவருக்காகச் செபிக்க என்னால் முடியவில்லை, மன்னியுங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். உங்களில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்க ஏலாது.

அண்ணையின் கடைசி நாட்களை முதலில் சொல்கிறேன். பெப்ரவரி பதினாறாம் திகதி காலைப் பூசை முடித்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அயலில் உள்ள நீக்கிலாப்பிள்ளையரின் பழைய காரைப் பெற்றோல் ஒரு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்கப் புகை. டாக்குத்தர் நல்ல பிள்ளை. “அம்மா, போட வேண்டிய ஊசி மருந்து அரசாங்கத்தின்ரை தடையிலை நிக்குது. கொழும்பிலை எண்டால் ஆண்டகையை எழுப்பி நடத்தியிருப்பம்” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். பதினெட்டாம் திகதி மத்தியானம் குருவானவர் வந்து அவஸ்தைத் தைலம் பூசி முடிய, என் கையைப் பிடித்தபடியே உயிர் போனது. எழுபத்திரண்டு வயது. கடற்தொழிலாளியின் மகனாய்ப் பிறந்து துணை ஆயராக வந்தவருக்குக் கடைசியில் இருந்த சொத்து இரண்டு அங்கியும் அந்தச் சைக்கிளும்தான்.

இனி, நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு மார்கழியில் உங்கள் பங்கில் றேடியோ திருத்துகிற சூசைதாசனை, ஆமி முகாமுக்குத் தகவல் கொடுத்தவன் என்று எங்கள் இயக்கப் பொடியளே கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்த மனுஷன். ஒருவரும் கிட்டப் போகப் பயந்து நிற்க, நீங்கள்தான் அவிழ்த்து இறக்கினீர்கள். அடக்கப் பூசைக்கு ஆண்டகை வரவேண்டும் என்று ஆள் அனுப்பினீர்கள். அவர் வரவில்லை. அன்று பின்னேரம் சேறு பட்ட அங்கியோடு வந்து எங்கள் விறாந்தையில் நின்று நீங்கள் சொன்னது இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

“நீங்கள் வராமல் விட்டதாலை, அவன் துரோகி எண்டு நீங்களும் ஒப்புக்கொண்ட மாதிரித்தான். இனி உங்களை ஆண்டகை எண்டு கூப்பிட எனக்கு வாய் வராது.”

அண்ணை எழுந்துகூட நிற்கவில்லை. “எனக்குப் பயமாய்க் கிடந்தது, சுவாமி” என்றார்.

லியோன், அது உண்மையில்லை. அண்ணை போக வெளிக்கிட்டவர். அங்கி போட்டு, சப்பாத்து மாட்டி, சைக்கிளையும் இறக்கிவிட்டார். நான்தான் மறித்தேன். அன்று காலை சந்தையில் ஒருத்தி, “அந்த அடக்கத்துக்குப் போற ஆக்களைக் குறிச்சுக்கொண்டு நிக்கினமாம்” என்று என் காதுக்குள் சொன்னாள். அண்ணையின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கு உங்களைக் கம்பத்திலை இருந்து அவிழ்க்க என்னாலை ஏலாது. போறதெண்டால் என்னைத் தாண்டிப் போங்கோ” என்று கத்தினேன். அம்மா, அப்பு போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். என்னைத் தாண்ட அவரால் முடியவில்லை. திரும்பி வந்து கதிரையில் இருந்தார். உங்கள் கோயில் துக்கமணி ஓயும்வரை சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

நீங்கள் ஏசும்போது நான் கதவுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். ஒரு அடி வெளியே வைத்து, “நான்தான்” என்று சொல்லியிருக்கலாம். நிற்கத்தான் செய்தேன். தேத்தண்ணி ஆறியது. நீங்கள் போய்விட்டீர்கள். மூன்று மாதத்தில் அங்கியையும் கழற்றி, நாட்டையும் விட்டுப் போய்விட்டீர்கள்.

பிறகு ஒருநாள், “என்னைச் சொல்லியிருக்கலாமே அண்ணை” என்று கேட்டேன். “நீ மறிச்சாய். நிண்டது நான்தானே, சிசிலியா” என்றார். அதற்குமேல் அந்தக் கதையை எடுக்க விடவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் சூசைதாசனின் மனைவி றெஜினாவின் வீட்டுக்குச் சைக்கிளில் போவார். அவள் படலை திறப்பதில்லை. “துரோகி வீட்டிலை ஆண்டகைக்கு என்ன அலுவல்?” என்று உள்ளே இருந்து கேட்பாளாம். வெளியில் நின்று ஒரு செபம் சொல்லிவிட்டு வருவார். இந்திய ஆமி வந்த நாட்களும் குண்டு விழுந்த நாட்களும் தவிர, ஆறு வருடம் அப்படிப் போனார்.

போன கார்த்திகை, ஆத்துமாக்கள் திருநாள் அன்று சேமக்காலையில் கல்லறைகளை மந்திரிக்கப் போனபோது, முந்நூறு நானூறு சனத்துக்கு முன்னால் சொன்னார்: “சூசைதாசன் குற்றமில்லாதவன். அவனைச் சுட்டது பாவம். அவன்ரை அடக்கத்துக்கு நான் வரேல்லை. அது என்ரை பாவம்.” சனம் குனிந்த தலை நிமிரவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த கிழமை இயக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, “ஐயா, வயசு போன காலத்திலை பூசையை மட்டும் வையுங்கோ” என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் வைக்கிற பூசைக்குச் சனம் குறைந்தது. அண்ணையின் அடக்கத்துக்கும் குருமார், கன்னியர் வந்தார்கள். ஊர்ச்சனம் பாதிக்கும் குறைவு. நான் யாரைக் குறை சொல்ல?

றெஜினா வந்தாள். என் பக்கத்தில் இருந்து செபமாலை சொன்னாள். எல்லாரும் போன பிறகு, கேட்காமலே குசினிக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவி வைத்தாள். “ஆண்டகை வராத வெள்ளி வெறிச்செண்டு கிடக்குதக்கா” என்றாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணை சொன்னவர்: “லியோனுக்கு எழுதிப்போடாதை. என்னைக் கோவிச்சுக்கொண்டெண்டாலும் அவன் நிம்மதியாய் இருக்கட்டும். உன்னையும் சேர்த்து வெறுக்க வேண்டாம்.” வாழ்நாளில் அவர் சொல்லை இரண்டு தரம் தட்டியிருக்கிறேன். அன்று மறித்தது ஒன்று. இந்தக் கடிதம் மற்றது.

நாளைக் காலை றெஜினா வீட்டுக்குப் போகிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு வருவேன். கடிதம் எழுத முடிந்த எனக்கு அவள் முகத்துக்கு நேரே சொல்ல நா எழும்புமோ தெரியாது. கண்ணும் இப்போது மங்கல். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியையும் குழந்தையையும் தேவமாதா காப்பாற்றுவாராக. குழந்தையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. படுக்கப் போகுமுன் அதைச் செபம் சொல்லப் பழக்குவீர்கள் என்றால், கிறிஸ்துநாயகம் என்ற அண்ணையின் பெயரையும் ஒருக்கால் சொல்ல விடுங்கள். உங்களால் முடியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை சொல்லட்டும்.

எனக்காக ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
சிசிலியா