அம்மாவின் சத்தியமும் இரட்டை ஓடமும்

அல்-அத்தாயா,
கெர்க்கென்னா தீவு.

அன்பு மகன் வஜ்திக்கு,

உன் பாபா அம்மார் மனதார வாழ்த்திச் சொல்லும் சேதி. இருமல் நின்றதா? மார்செய் குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ரீம் எழுதுகிறாள். தன் சொந்தச் சரக்கை நடுவில் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதற்கே சிரிக்கிறாள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. திராட்சை பறிப்பு முடிந்ததும் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை ஸ்ஃபாக்ஸ் போகும் கப்பலில் டிக்கெட் கிழிக்கிறவன், நல்ல பையன். ஆனால் அண்ணன் வராமல் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று இவள் உட்கார்ந்துவிட்டாள்.

நீ ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நீ வீட்டைவிட்டுப் போன அன்று வடமேற்குக் காற்று. ரீம் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். நீ அவளை ஏற்றிக்கொண்டு போன, இரண்டு ஒல்லி ஓடங்களைப் பக்கம் பக்கமாகப் பூட்டிய உன் இரட்டை ஓடம் கண்ணெதிரே கவிழ்ந்தது. கரையில் ஆக்டோபஸை மெத்தென்றாக்கக் கல்லில் அடித்துக்கொண்டிருந்த உன் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ரொட்டியின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்து, “இனி என் வாசலை மிதிக்காதே” என்றாள். நீ அதோடு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நீ நின்று கேட்காத மீதியையும் அவள் சொன்னாள், மகனே: “உங்கப்பன் தன் கையால அந்தச் சனியனை ஓட்டிக்கிட்டு வந்து என் முன்னால நிறுத்தட்டும், அப்புறம் வா!” நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

மூன்று நாள் நோன்பு வைத்தால் சத்தியம் தீர்ந்துவிடும் என்று இமாம் சொல்லிப் பார்த்தார். “வாயால சொன்னது வயித்தைக் காயப்போட்டா அழிஞ்சிடுமா?” என்று அவரையே திருப்பி அனுப்பிவிட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. சரி, நானே ஓட்டிவிடுகிறேன் என்று ரீமிடம் போய் நின்றேன்.

பாய்மரத்தை நிறுத்துவதே பெரும்பாடு. நம் ஃபெலூக்கா படகில் எல்லாமே கயிற்று முடிச்சு. உன்னுடையதிலோ மூன்று கம்பிகள், ஒவ்வொன்றையும் மாட்ட ஒரு ஊசி, ஊசி நழுவாமலிருக்க ஒரு வளையம். அந்த வளையம் என் விரலுக்கு அடங்கவில்லை, பல்லால் மாட்டினேன். ரீம் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்துவிட்டு, “பாபா, இதைக் கழட்டவும் உங்க பல்லுதான் வேணும்” என்றாள்.

சுக்கானில்தான் மானம் போனது. பிறந்தது முதல் நான் திசை மாற்றுவது ஒரே விதம்தான். காற்றுக்கு முதுகைக் காட்டிச் சுற்றி வருவேன். பெரிய முக்கோணப் பாய்க்கு அதுதான் சரி. கை பழக்கத்தில் இங்கேயும் அப்படியே திருப்பினேன். பாயின் அடிக்கழி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பறந்தது. என் சிவப்புக் குல்லா கடலில் விழுந்தது, பின்னாலேயே நானும் விழுந்தேன். ஓடம் கவிழ்ந்து, பாய்மர நுனி சேற்றில் குத்தி நின்றது. நம் கடல்தான் இடுப்பளவு ஆயிற்றே! பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த ஹெதி, “என்ன அம்மார், முள்ளங்கி நடுறியா?” என்றான். ஊர் முழுக்க இப்போது என் பெயரே முள்ளங்கிதான்.

ரீம் மட்டும் கோபப்படவில்லை. “காத்துக்கு முதுகைக் காட்டாதீங்க பாபா, மூஞ்சியக் காட்டுங்க. வேகம் இருக்கும்போதே திருப்பணும், பாதியில யோசிக்கக் கூடாது” என்றாள். நீ சொல்லிக்கொடுத்ததாம்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கிளம்பினோம். ஓடம் சாயாமலிருக்கப் பாரத்துக்காக ரீம் கூட வந்தாள். அவள் கை பட்டால் சத்தியம் தீராது, அதனால் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஊரே கரையில் நின்றது. உன் அம்மா கூடையோடு, ஏதோ தற்செயலாக வந்தவள்போல நின்றாள். கரைப்பக்கம் திரும்பும்போது நான் பாதியில் யோசித்துவிட்டேன். காற்றுக்கு நேரே மூக்கு நின்றுபோனது. பாய் படபடவென்று அடித்தது, ஓடம் பின்புறமாகவே போய், மீன் பிடிக்கக் கடலில் ஓலை நட்டிருக்கும் மீன்வேலியை நெருங்கியது. வேலி ஓலைகள் பாயைக் கிழிப்பதற்குத் தயாராக நின்றன.

அப்போது கரையிலிருந்து ஒரே கத்தல்: “ரீம், நீ பிடிடி! அவரு செத்துடுவாரு, நீ பிடி!” உன் அம்மாதான், வஜ்தி. தன் சத்தியத்தைத் தானே உடைக்கச் சொன்னாள்.

ரீம் கையை எடுக்கப் போனாள். “தொடாதே! வாயால சொல்லு” என்றேன். “பின்னால போறப்ப சுக்கான் தலைகீழா வேலை செய்யும் பாபா, எதிர்ப்பக்கம் தள்ளுங்க, கயிறை விடுங்க” என்றாள். தள்ளினேன். மூக்கு மெதுவாக விலகியது. பாயின் கயிற்றை இழுத்தேன், பாயில் காற்று நிறைந்தது. அப்புறம் நிறுத்தத் தெரியாமல் மணலில் ஏறி, அம்மாவின் கூடையை நசுக்கித்தான் நின்றேன்.

அவள் ஒரு ஈர ஆக்டோபஸால் என் தோளில் ரெண்டு போட்டாள். அப்புறம் ஓடத்தின் நடுவே கட்டியிருக்கும் வலைத்துணியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

அவளைப் பற்றி ஒன்றும் எழுதக் கூடாதாம். இப்போது முற்றத்தில் உன் மெத்தையைப் பிரித்துக் கம்பளியை உதறுகிறாள். கேட்டால் பூச்சி என்கிறாள். மெத்தைக்குப் பழைய உறையே போதுமா, புதிதாகத் தைக்க வேண்டுமா என்று மட்டும் உன்னிடம் கேட்கச் சொன்னாள்.

பதில் எழுதாதே மகனே. வந்து அவளிடமே சொல். அல்லாஹ் உன் வழியை லேசாக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
பாபா அம்மார்